ஊரின் விழிப்பும் நோயின் விழிப்பும்

2020ஆம் ஆண்டு ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்தில் சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் வந்தது, குளிக்கத்தான் ஆள் இல்லை. கொரோனாவுக்காக மார்ச்சில் அடைத்த அருவிப் பாதையை டிசம்பர் 15ஆம் தேதி திறந்தார்கள். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் அடைத்து, 2021 டிசம்பர் 20 அன்றுதான் திறந்தார்கள். இரண்டு சீசன் முழுதாகப் போயிற்று. லாட்ஜ்காரர், பழக்கடைக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று மூன்று மாத வரும்படியில் வருஷத்தை ஓட்டும் குடும்பங்கள் அந்த இரவுகளில் கண் மூடியிருக்குமா?

அதே இரவுகளில், அதே தெருக்களில், வேறொரு காரணத்தால் விழித்துக் கிடந்தவர்களும் உண்டு. தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் எழுதப்படுகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., உள்ளவர்கள். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்புக்கும் மையலின் என்ற உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அரிப்பதுதான் இந்த நோய். பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் தொடங்கும்; ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மங்களூரில் நடந்த ஒரு கணக்கெடுப்பு லட்சம் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இருப்பதாகக் கண்டது. குறைந்த எண்ணிக்கைதான். அதனாலேயே பக்கத்து வீட்டுக்குக்கூட இந்த நோயின் பெயர் தெரிவதில்லை.

இந்த இரண்டு விழிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. கொரோனா காலத்தில் 'எல்லாருக்கும்தான் தூக்கம் இல்லை' என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் கலந்துபோயின.

ஊரின் விழிப்புக்குக் காரணம் வெளியே இருந்தது. கடை பூட்டியிருந்தது, வட்டி ஏறியது, தொலைக்காட்சியில் சாவுக் கணக்கு ஓடியது. காலையில் எழுந்து போக இடமில்லாததால் பகலில் உறங்கி, இரவில் கைப்பேசியோடு கிடந்தார்கள். பாதை திறந்து பிழைப்பு திரும்பியபோது பலருக்கு உறக்கமும் திரும்பியது.

எம்.எஸ். உள்ளவரின் விழிப்பு உள்ளேயிருந்து வருகிறது. படுத்ததும் கால் தசை இறுகி இழுக்கும். காலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லி ஒரு குடைச்சல் எடுக்கும். சிறுநீர்ப் பைக்குப் போகும் நரம்பு கெட்டிருந்தால் ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழ வேண்டும். கால் தடுமாறுகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கண்டம். நோய் மூண்டால் ஏற்றும் ஸ்டீராய்டும் தூக்கத்தைக் கெடுக்கும். மனச்சோர்வும் அப்படித்தான். எம்.எஸ். உள்ளவர்களில் பாதிப் பேர்வரை வாழ்நாளில் ஒருமுறையாவது அதில் விழுகிறார்கள். வாழ்க்கை நொடித்த துயரம் ஒரு பங்கு. மூளையில் நோய் உண்டாக்கும் அழற்சியே இன்னொரு பங்கு. போதாக்குறைக்கு, எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. 'பாக்க நல்லாத்தானே இருக்கா, எந்நேரமும் என்ன படுக்க வேண்டிக்கெடக்கு?' என்று கேட்கிற ஊரில் அந்த அசதியை யாருக்கு எப்படிப் புரியவைப்பது?

வெயில் இந்த நோய் உள்ளவர்களுக்குப் பகை. உடலை வருத்தியபின் சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப் 1890இல் குறித்தார். உடல் சூடு ஏறுவதே காரணம் என்பது பிறகு தெளிந்தது. அரை டிகிரி கூடினாலே போதும், உறை இழந்த நரம்பில் செய்தி தடுக்கும். ஸ்கேன் வராத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே நோயைச் சோதித்தார்கள். கத்திரி வெயிலில் துவண்டுபோகும் இவர்களில் பலருக்குச் சாரல் காற்று பட்டால் கொஞ்ச நேரம் தெம்பு வரும். அருவி மருந்து என்று நான் சொல்லவில்லை. வழுக்குப் பாறை இவர்களுக்கு ஆபத்து, குளிர் பட்டால் தசை இறுக்கம் கூடுகிறவர்களும் உண்டு. காய்ச்சலும் உடல் சூடுதான். கொரோனாக் காய்ச்சலோ, தடுப்பூசிக் காய்ச்சலோ வந்த இரவில் கால் மரத்துப் போனால், அது காய்ச்சல் இறங்கினால் சரியாகிவிடுமா, அல்லது நோய் புதிதாக மூண்டிருக்கிறதா? மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

மருத்துவர் எங்கே இருந்தார்? குற்றாலம் இருக்கும் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கியது 2019 நவம்பர் 22 அன்று. நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்தது. ஏறக்குறைய 55 கிலோமீட்டரில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதுவரை சொந்த மாவட்டத்தில் இருந்தது. இப்போது எல்லைக்கு அப்பால் போய்விட்டது. 2020 ஆகஸ்ட் கடைசி வரை மாவட்டம் தாண்டப் பெரும்பாலும் இ-பாஸ் வேண்டியிருந்தது. மாவட்டங்களுக்கிடையே பஸ் மறுபடியும் ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7 அன்று. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்குப் போக வேண்டுமானால் புளியரைச் சோதனைச்சாவடியைத் தாண்டி, ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்க வேண்டும். அது மாநில எல்லை. இதற்கிடையே, இந்தியாவில் எம்.எஸ்.ஸுக்குப் பரவலாகத் தரப்படும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து கொரோனாவைக் கடுமையாக்கும் என்றும் தெரியவந்தது. போட்டால் கொரோனா பயம், விட்டால் நோய் மூளும் பயம். இந்தக் கணக்கை வீட்டில் தனியாகப் போட்டுக்கொண்டு யார் தூங்குவார்கள்?

பிரிட்டனில் எம்.எஸ். உள்ளவர்களுக்கென ஒரு பதிவேடு இருக்கிறது. முதல் அலையில் அவர்கள் தந்த பதில்களை முந்தைய ஆண்டுப் பதில்களோடு ஒப்பிட்டபோது, பதற்றமும் மனச்சோர்வும் கூடியிருக்கவில்லை. இத்தாலியில் ஒரு சிறிய ஆய்வும் மனச்சோர்வு கூடவில்லை என்றே கண்டது. நிச்சயமின்மைக்குப் பழகியவர்கள், தாங்கிக்கொண்டார்கள் என்று இதைப் பாராட்டலாம். அதில் உண்மையும் உண்டு. நாளை என்ன ஆகுமோ என்ற கேள்வியோடு ஊர் வாழப் பழகியது 2020இல், இவர்கள் பழகியது நோய் தெரிந்த நாளில். ஆனால் அதே பிரிட்டன் ஆய்வில், நோயில்லாதவர்களோடு வைத்துப் பார்த்தால் இவர்களிடம் இரண்டும் அதிகம்தான். ஏற்கெனவே நிரம்பிய குளத்தில் நீர்மட்டம் ஏறவில்லை என்பது நல்ல சேதி ஆகாது. 'மாற்றம் இல்லை' என்ற முடிவை 'குறை இல்லை' என்று வாசிப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மனம் தளர்ந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம். இவை இருக்கின்றன. வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் இந்த நோய் உள்ளவர் இருந்தால், தூக்க மாத்திரை கேட்பதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: இரவில் எத்தனை மணிக்கு விழித்தார், எழுப்பியது காலிழுப்பா, சிறுநீரா, வலியா, அழுகையா. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. அந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள்.