மைக் செட்டில் சுழன்ற ராக் அண்ட் ரோல்



"மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேணுமுங்க" என்று குழுவினர் கேட்டார்கள். காங்கேயம் காளையைப் பற்றியும் சிவன்மலைத் தேரைப் பற்றியும் எழுத நம்மில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது ஒரு பழைய தகரப் பெட்டி. அதற்குள் இருந்ததும் சரித்திரம்தான். அது நிமிஷத்துக்கு 78 முறை சுற்றுகிற சரித்திரம்!

நம் ஹாஸ்டல் விழாக்களுக்கு மைக் செட் போட்ட அண்ணனைப் பலருக்கும் நினைவிருக்கும். அது கேசட் காலம். ஒரு வருஷம் அவர் கேசட்டோடு ஒரு பழைய இசைத்தட்டையும் கொண்டுவந்து, "கண்ணு, இதுல ஒரு ஆட்டம் இருக்குது, ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்க" என்றார். நாங்கள் சிரித்தோம். "அண்ணா, எங்க தாத்தாவுக்குப் போடுங்க" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் ஒன்றும் பேசாமல் தட்டை உறையில் போட்டுக்கொண்டார். அந்தத் தட்டு என்னவென்று எனக்குத் தெரிய முப்பது வருஷம் ஆயிற்று.

அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் கடல் தாண்டிப் போய் வர வேண்டும்.

இரண்டு முறை பிறந்த பாட்டு

1954 ஏப்ரல் 12. நியூயார்க் நகரத்தில் டெக்கா கம்பெனிக்காக பில் ஹேலி என்ற பாடகரும் அவருடைய காமெட்ஸ் குழுவும் இரண்டு பாட்டுப் பதிவு செய்தார்கள். கம்பெனி நம்பியது முதல் பாட்டை. அதற்கே நேரமெல்லாம் போய்விட, இரண்டாவதை அவசர அவசரமாக முடித்தார்கள். அந்த இரண்டாவது பாட்டு தட்டின் பின்பக்கத்தில் போயிற்று. அதுதான் 'ராக் அரவுண்ட் தி க்ளாக்'. வெளிவந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

அதில் கிடார் வாசித்தவர் டேனி செட்ரோன். அந்தக் கிடார்த் துணுக்கை இன்றும் உலகமெங்கும் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவர் பதிவு முடிந்து பத்தே வாரத்தில், ஜூன் மாதம், மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். பாட்டு ஜெயித்ததை அவர் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் 'ப்ளாக்போர்டு ஜங்கிள்' என்று ஒரு சினிமா. முரட்டு மாணவர்களும் ஒரு வாத்தியாரும் உள்ள பள்ளிக்கூடக் கதை. அதில் நடித்த க்ளென் ஃபோர்டின் வீட்டில் அவருடைய சின்னப் பையன் சேர்த்து வைத்திருந்த தட்டுகளில் இந்தப் பாட்டும் இருந்தது. அங்கிருந்து அது படத்தின் தொடக்கத்துக்குப் போனது. 1955 ஜூலையில் அமெரிக்காவில் முதலிடம்! 1973-ல் 'அமெரிக்கன் க்ராஃபிட்டி' என்ற படம் அதை மறுபடி எடுத்துப் போட, 1974-ல் திரும்பவும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. ஒரு பையன் தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தான், பாட்டு பிழைத்தது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராக் அண்ட் ரோல் வானத்திலிருந்து குதித்ததல்ல. கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டும், கோயில் பாட்டும், வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டும் கலந்த கலவை. நாலு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நாலாவதிலும் அடி விழும். சமத்தில் தட்டிப் பழகிய நம் கைக்கு முதலில் தடுமாறும், பிறகு காலே தானாக ஆடும். சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்றோர் போட்ட பாதை அது. ஆனால் காசும் பேரும் எல்லோருக்கும் ஒரே அளவில் போகவில்லை. 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1952-ல் முதலில் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி. தட்டு 1953-ல் வந்து நன்றாகவே ஓடியது. தன் கைக்கு வந்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலைதான் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1956-ல் எல்விஸ் பிரஸ்லி அதையே பாடினார். உலகத்துக்கு அது எல்விஸ் பாட்டாகவே ஆகிப்போனது.

கொழும்பு வழியாக வந்த காற்று

சரி, இது எப்படி நம்ம பக்கம் வந்தது?

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அது சுருங்கிப்போனது. பாட்டுக் கேட்கிற சனம் சும்மா இருக்குமா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டது. யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்புக் கருவிகள் அவர்களிடம் இருந்தன. 1950-ல் தொடங்கிய வர்த்தக சேவையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கேட்டன. தமிழில் மயில்வாகனத்தின் குரல் வீட்டுக்கு வீடு தெரிந்த குரல். அதே நிலையத்தில் ஆங்கிலப் பாட்டும் ஓடியது. 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி பிறந்ததே, போன நேயர்களைத் திரும்பக் கூப்பிடத்தான்.

இன்னொரு வழி ரயில் வழி. பெரம்பூரிலும் நம் பக்கத்துப் போத்தனூரிலும் ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் பேண்டு வைத்து நடனம் நடக்கும். கிடார், டிரம்ஸ், சாக்ஸஃபோன் வாசிக்கத் தெரிந்த கைகள் அப்படிப்பட்ட இடங்களில் பழகியவை. சினிமா ஸ்டுடியோக்களுக்கு அந்தக் கைகள் வேண்டியிருந்தன. பம்பாயில் கோவாக்காரர்கள் இதே வேலையைச் செய்தார்கள். 1957-ல் வந்த 'ஆஷா' இந்திப் படத்தில் சி.ராம்சந்திரா இசையில் 'ஈனா மீனா டீகா' வந்து நாடே ஆடியது. அந்தப் படத்தை எடுத்த எம்.வி.ராமன் தமிழிலும் அதை 'அதிசயப் பெண்' என்று 1959-ல் கொண்டுவந்தார்.

1958-ஐ நான் தமிழ் ராக் அண்ட் ரோல் வருஷம் என்பேன். அந்த வருஷம் 'உத்தம புத்திரன்' வந்தது. ஜி.ராமநாதன் கர்நாடக இசையில் ஊறியவர். அவரே 'யாரடி நீ மோகினி' பாட்டில் மேல்நாட்டு வேகத்தை அள்ளிவிட்டார். சிவாஜியும் ஆடினார், பம்பாயிலிருந்து வந்த ஹெலனும் ஆடினார்.

அதே வருஷம் பீம்சிங் இயக்கத்தில் 'பதிபக்தி'. விஸ்வநாதன் ராமமூர்த்தி இசை. அதில் ராக் அண்ட் ரோல் என்ற பேரையே பல்லவியாக வைத்து ஒரு பாட்டு! எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். உழவனையும் தொழிலாளியையும் பாடிய அதே பேனாதான் இதையும் எழுதியது. பாடியவர்கள் ஜே.பி.சந்திரபாபுவும் வி.என்.சுந்தரமும். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த சந்திரபாபுவுக்கு மேல்நாட்டுப் பாணி உடம்போடு வந்தது. தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங்கைத் தமிழ் சினிமாவில் பிரபலமாக்கியவரும் அவர்தான்.

பாட்டு எழுதிய பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபர் 8-ல் மறைந்தார். வயசு 29. அதே வருஷம் பிப்ரவரி 3-ல் அமெரிக்காவில் பட்டி ஹாலி என்ற ராக் பாடகர் விமான விபத்தில் போனார். வயசு 22. சந்திரபாபுவும் 1974-ல், 46 வயசில், கையில் காசில்லாமல் போய்ச் சேர்ந்தார். ஆட்டம் போட வைத்தவர்களின் கணக்கு இப்படித்தான் முடிந்திருக்கிறது.

தகரப் பெட்டி

போன வருஷம் சந்திப்பு விழா வேலையாக ஊருக்குப் போனபோது அந்த மைக் செட் அண்ணனைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். வீட்டுக்கு முன்னால் கொப்பரைக் களம். மோட்டார், ஆம்ப்ளிஃபையர், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ஒரு மூலையில். "வாங்க கண்ணு, காலேஜுப் பையந்தானே?" என்று குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

பெட்டியைத் திறந்தார். சிவன்மலையில் உத்தரவுப் பெட்டியை எட்டிப் பார்ப்பது போலப் பார்த்தேன். முப்பது தட்டு இருக்கும். நடுவில் 'பதிபக்தி'.

"அன்னிக்கு உங்க ஹாஸ்டலுக்குக் கொண்டாந்தது இதுதானுங்க. எங்கய்யன் மைக் செட் போடறப்ப எனக்குப் பதினஞ்சு வயசு. டூரிங் டாக்கீஸ்ல படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னால இதைப் போடுவோம். மண்ணுல உக்காந்திருக்கற பசங்க எந்திரிச்சு ஆடுவாங்க. டிக்கெட் கிழிக்கறவர் வந்து வெரட்டுவார்."

"மத்த தட்டெல்லாம் எங்கண்ணா?" என்றேன்.

"ஆரும் கேக்கலியே. எடம் அடைக்குதுன்னு பாதிக்கு மேல பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன். இங்கிலீஷ் தட்டும் அதுல இருந்துச்சு. காலேஜுல இருந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத்தமும் குடுத்திருப்பனே கண்ணு."

எனக்குப் பேச்சு வரவில்லை. கேட்கவில்லை என்பது மட்டுமல்ல. கொண்டுவந்து கொடுத்தபோது சிரித்தவன் நான்.

ஊசி மாற்றி, ஒயர் ஒட்டி, அன்று சாயந்திரம் தட்டைச் சுழலவிட்டோம். முதலில் அடுப்பில் கடுகு பொரிகிற சத்தம். அப்புறம் சந்திரபாபு வந்தார். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே குதிகாலால் தாளம் போட்டார். இரண்டாவதிலும் நாலாவதிலும், தப்பாமல்! அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவருடைய பேத்தி நம் கல்லூரியில்தான் படிக்கிறாள். செல்போனில் பதிவு செய்துகொண்டே, "அய்யா, இது நம்ம பாட்டா, வெள்ளைக்காரன் பாட்டா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அந்தத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு. சோட்டா நாகபுரிக் காட்டு மரங்களில் பூச்சி வைக்கிற அரக்கைக் கல்பொடியோடு கலந்து அச்சடித்ததுதான் 78 தட்டு. உலகத்துக்கே அரக்கு அதிகம் போனது இந்தியாவிலிருந்து. ஆக, அமெரிக்காக்காரன் தட்டிலும் நம்ம காட்டுச் சரக்கு சுழன்றிருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் 45 தட்டு வந்த பிறகும் நம் நாட்டில் அரக்குத் தட்டு நீடித்தது. பீட்டில்ஸ் பாட்டே இந்தியாவில் 78 தட்டாக வந்திருக்கிறது. அந்தக் குழுவின் ஆரம்பகால டிரம்மர் பீட் பெஸ்ட் 1941-ல் பிறந்தது நம்ம சென்னையில். இங்கிலாந்தின் முதல் ராக் நட்சத்திரங்களில் ஒருவரான க்ளிஃப் ரிச்சர்ட் 1940-ல் பிறந்தது லக்னோவில்.

இன்னும் ஒன்று. அந்த ராக் அண்ட் ரோல் தலைமுறைதான் உள்ளே போடும் பனியனை வெளியே போட்டு நடக்கிற பழக்கத்தைப் பரப்பியது. 1955-ல் ஜேம்ஸ் டீன் வெள்ளைப் பனியனோடு திரையில் நின்றார். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு டீ-சர்ட் ஆர்டராகத் திருப்பூருக்கு வந்து, நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறது. பாட்டு யாருடையது என்று கேட்டால், போட்டு ஆடினவன், காப்பாற்றி வைத்தவன் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பேன். ஆனால் முதலில் பாடினவன் பேரை மறைக்கக் கூடாது.

ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டுப் பரணில், மில் குடோனில், தாத்தா பெட்டியில் பழைய தட்டு இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். வெயில் படக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். மெல்லிய துணி போதும். எல்.பி. தட்டு ஊசியை இதற்கு வைக்கக் கூடாது, 78-க்கு என்று அகலமான ஊசி தனியாக உண்டு. பதிவு செய்யும்போது பாட்டோடு சேர்த்து உறையையும் லேபிளையும் படம் எடுங்கள். அந்தத் தட்டு எந்த ஊர் விழாவில் ஓடியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். லேபிளில் கிடார்க்காரர் பேர் இருக்காது. கேட்டவர்களின் நினைவாவது மிஞ்சட்டும்.

இந்த வேலையை நம் மாணவர்கள் செய்ய வேண்டும், செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்க வேண்டும் என்று சங்கத்தின் முன் வைக்கிறேன். முதல் சந்தா என்னுடையது.

அந்த முப்பது தட்டும் இப்போது நம்மிடம் இருக்கின்றன. பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "காலேஜுல ஒரு நாளைக்குச் சத்தமாப் போடோணும். நானும் வருவேன்."

சந்திப்பு விழா அன்று சாயந்திரம் போடப் போகிறோம். முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி இருக்கும். எல்லோரும் அவசியம் வாருங்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்க வேண்டாம், ஆடினால் போதும்!