மடியிலும் வளவிலும் தாய்: யோம்பே சிற்பமும் கல்முனைக் கரையின் தாய்வழிக் குடியும்

கொங்கோ ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே, மயோம்பே காட்டுப் புறத்தில் வாழும் யோம்பே மக்களின் தாய்-சேய்ச் சிற்பங்களை ‘பெம்பா’ என்பர். இன்று அருங்காட்சியகங்களில் உள்ளவற்றிற் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மரத்திற் செதுக்கப்பட்டவை. பல ஒரு முழ உயரம்கூட இல்லை. சம்மணமிட்டு அமர்ந்த பெண், மடியில் குழந்தை. தலையில் தலைமைக்குரிய கூம்பிய தொப்பி, அராவிக் கூராக்கிய முன்பற்கள், தோளிலும் மார்பிலும் புடைத்தெழும் தழும்புக்கோலம், கழுத்தில் மணிவடம். கண்களிற் சிலவேளை கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். அந்தக் கண்கள் பெரும்பாலும் குழந்தையை நோக்குவதில்லை. நேரே முன்னால் நிற்பவரையே நோக்குகின்றன.

கொங்கோ மன்னன் 1491இல் திருமுழுக்குப் பெற்றதிலிருந்து அந்நாட்டில் மரியன்னையின் உருவம் அறிமுகமானதே. ஆகவே இச்சிற்பங்களில் கத்தோலிக்கச் சாயலைத் தேடியவர்கள் உண்டு. மகப்பேறு வேண்டும் பெண்களின் வழிபாட்டோடு இவற்றை இணைப்போரும் உண்டு. இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தாய்ப்பாசத்தின் சித்திரமாக மட்டும் இவற்றைப் பார்த்தால், தொப்பிக்கும் தழும்புக்கும் விளக்கம் கிடைக்காது. அவை பதவியின் அடையாளங்கள். யோம்பே சமூகத்தில் பிள்ளை தாயின் குலத்துக்கே உரியது. மடியிற் கிடப்பது ஒரு குலத்தின் வாரிசு. அதை ஏந்தியிருப்பவள் அந்தக் குலத்தின் முன்னோர் வரிசைக்கே முகமாகிறாள்.

தாய்வழிக் குலம் நமக்குப் புதிதன்று. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையின் முஸ்லிம் ஊர்களில் குடி தாய்வழியே வரும். ஒரே குடிக்குள் மணம் கூடாது என்பதே மரபு. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்ததும் இந்த ஒழுங்கினால்தான். அக்கரைப்பற்றை நெடுங்காலம் ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அயலிலுள்ள தமிழரிடமும் இதே குடிமுறை உண்டு. ஆயினும் இக்கரை முஸ்லிம்களிடம் தாய்-சேய்ச் சிற்பம் எதுவும் இல்லை. உருவம் வடிப்பதை இஸ்லாம் விலக்குகிறது என்பது உடனடி விடை. அந்த விடை சிற்பம் ஏன் இல்லை என்பதைச் சொல்கிறது. சிற்பம் செய்திருக்கக்கூடிய வேலையை இங்கே எது செய்தது என்பதைச் சொல்லவில்லை.

எது செய்தது என்பதற்கு விடை வதிவிடத்தில் இருக்கிறது. மத்திய ஆபிரிக்கக் குடும்ப அமைப்புகளை 1950இல் வகைப்படுத்திய ஓட்ரி ரிச்சர்ட்ஸ், மயோம்பே-கொங்கோ முறையைத் தனி வகையாகவே காட்டினார். அங்கே மனைவி கணவனின் ஊருக்குப் போகிறாள். பிள்ளை தகப்பன் வீட்டில் வளர்கிறது; அதன் குலமும் உரிமையும் தாய்மாமனின் ஊரில் இருக்கின்றன. குலம் ஓரிடம், வளர்ப்பு வேறிடம். இப்படிப் பிரிந்து கிடப்பதைக் கண்முன்னே ஒன்றாக்கிக் காட்ட, கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஓர் உருவம் தேவைப்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

கல்முனைக் கரையில் நிலைமை நேர்மாறு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மூத்த மகளின் கலியாணத்தோடு வீடு சீதனமாக அவளுக்குப் போகிறது. உம்மாவும் வாப்பாவும் மணமாகாத பிள்ளைகளோடு அதே வளவில் இன்னொரு வீட்டுக்கு மாறுவார்கள். அடுத்த மகளுக்கு அது. உம்மம்மா, உம்மா, சாச்சி, ராத்தா என்று பெண்வழி உறவு முழுவதும் ஒரு வேலிக்குள் இருக்கும். குழந்தைக்கு ஏணை கட்டும் வளையே அதன் தாய்க்கு உரிமையான கூரையின் வளை. தாய்க்குலத்தை இன்னொரு பொருளில் வடித்துக் காட்ட வேண்டிய தேவை இங்கே எழவில்லை. வளவு அந்த வேலையைச் செய்தது.

இந்த வாதத்துக்கு எல்லை உண்டு. கொங்கோவின் உள்நாட்டில் வாழும் லுலுவா மக்கள் தந்தைவழியினர். அவர்களிடமும் அழகிய தாய்-சேய்ச் சிற்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த பெண்களுக்கான காப்புச் சடங்கைச் சேர்ந்தவை அவை. ஆகவே மத்திய ஆபிரிக்கத் தாய்-சேய் உருவங்கள் அனைத்துக்கும் ஒரே விளக்கத்தைப் போர்த்த முடியாது. நம் கரையிலும் பிள்ளைப்பேற்று அச்சத்துக்கான இடம் வேறு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேறும் காலத்தில் பெண்கள் வைக்கும் நேர்ச்சைகளில் அதைத் தேட வேண்டும், குடிமுறையில் அல்ல.

யோம்பே சிற்பத்தோடு ஒப்பிடும்போது வளவுக்கு உள்ள பெரிய பலவீனம், அதை எடுத்துச் செல்ல முடியாது என்பதே. 2004 டிசம்பர் 26 கடற்கோள் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கரையோர வளவுகளை அடியோடு அழித்தது. கரையை ஒட்டிக் கட்டிடத் தடை வலயம் வந்ததால் பலரால் பழைய காணிக்குத் திரும்ப முடியவில்லை. மீள்குடியேற்ற வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ என்ற கணக்கில் வழங்கப்பட்டபோது, பெண்ணுக்குரிய வீட்டின் பத்திரம் ஆணின் பெயருக்குப் போகும் ஆபத்தைப் பெண்கள் அமைப்புகள் அன்றே சுட்டிக்காட்டின. இதை நான் வெறும் நிருவாகப் பிழையாகக் கருதவில்லை. தாய்வழிக் குலத்தைத் தாங்கி நின்ற வடிவத்தையே அது குலைக்கிறது. ஒரு பெம்பாவின் மடியிலிருந்து குழந்தையைப் பெயர்த்தெடுத்தால் கலை வரலாற்றாசிரியர்கள் அதைச் சேதம் என்று பதிவு செய்வார்கள். மீள்குடியேற்றக் கிராமங்களின் வீட்டுப் பத்திரங்களையும், அடுத்த தலைமுறை மகள்களுக்கு அவை கைமாறும் விதத்தையும் அதே கவனத்தோடு நம் ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் பதிவு செய்ய வேண்டும்.