சவலைப்பிள்ளை

தமிழில் சவலை என்றொரு சொல் உண்டு. தாய் அடுத்த பிள்ளையைச் சுமக்கத் தொடங்கியதும் முலைப்பால் மறுக்கப்பட்டு மெலிந்துபோகும் முன்பிள்ளையைக் குறிக்கும் சொல் அது. யாப்பிலக்கணம் கற்றோர் சவலை வெண்பாவை அறிவர். இரண்டாம் அடியில் வரவேண்டிய தனிச்சொல் இன்றி இளைத்து நிற்கும் வெண்பாவுக்கு இட்ட பெயர். பாவொன்றின் குறையைச் சொல்ல அந்தக் குழந்தையின் பெயரே கைக்கு வந்ததென்றால், அக்குழந்தை எத்தனை வீடுகளின் திண்ணையில் அமர்ந்திருந்திருக்க வேண்டும்!

1930களில் மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் (இன்றைய கானா) பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், வயிறும் காலும் வீங்கி, தலைமயிர் நிறம்மாறி இறந்துகொண்டிருந்த சிறுவர்களைக் கண்டார். அந்நோயை அங்குள்ள கா மொழிப் பெண்கள் அழைத்த பெயரையே 1935இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்: குவாஷியோர்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் இடமிழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். உலக மருத்துவம் அன்று கற்றுக்கொண்டதை இரு கண்டங்களின் தாய்மார் முன்பே பெயரிட்டு வைத்திருந்தனர்.

இச்சொல்லை நான் முதன்முதல் கேட்டது 1959ஆம் ஆண்டு மார்கழியில், கண்டாவளையில். எனக்கு அப்போது ஐந்து வயது. தங்கைக்கு இரண்டு நிரம்பவில்லை. தம்பி பிறந்து மூன்றாம் நாள் வந்திறங்கிய அம்மம்மா, பிறந்த பிள்ளையைப் பார்க்கமுன் வாசலில் மண் தின்றுகொண்டிருந்த தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது சவலையாய்ப் போச்சுதே, ஒருத்தரும் பாக்கேல்லையோ?" என்று ஐயாவைப் பார்த்துக் கேட்டார். மாமியாரின் கேள்விக்கு ஐயா மறுமொழி சொன்னதாக நினைவில்லை.

அம்மம்மா சுணங்கி வந்ததற்குக் காரணம் இருந்தது. மீசாலையிலிருந்து புகைவண்டியில் பரந்தன்வரை வந்துவிடலாம். அங்கிருந்து முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டை, பிறகு வடக்கே திரும்பி மாட்டுவண்டி. மாரியில் இரணைமடு நிறைந்து கனகராயன் ஆறு பெருகினால் வண்டித்தடம் வெள்ளத்துள் போய்விடும். வன்னியில் தாய்வீடு என்பது பெரும்பாலும் கடல்நீரேரிக்கு அப்பால் இருந்தது. தென்மராட்சியிலிருந்து வயல் செய்ய வந்து தங்கியவர்களின் ஊர்களில் நெல் இருந்தது, பால் இருந்தது, கிழவிகள் குறைவு.

இதனைச் சிறிய விடயமாக எண்ணிவிடக் கூடாது. 1895இல் வெளியான ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய நூலைப் புரட்டினால் காய்ச்சலும் பறங்கிநோயும் ஆட்குறைவுமே திரும்பத் திரும்ப வரும். இலங்கை முழுவதிலும் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இன்று அத்தொகை ஏறக்குறைய 30, 40 என்ற அளவில் நிற்கிறது. மலேரியா ஒழிப்பும், பயிற்சி பெற்ற மருத்துவமாதரும், கிராமத்து ஆசுபத்திரிகளும் செய்த வேலை அது. ஆனால் எங்கள் அம்மா கர்ப்பிணியான காலத்திலும் பழைய பயம் தீர்ந்திருக்கவில்லை. புதுப்பிள்ளையின் வரவென்றால், வீட்டிலுள்ள சின்னஞ்சிறுசுகள் தாயை இழக்கக்கூடிய நாள் என்றும் பொருள்.

எங்கள் பிள்ளைப்பேற்று வழக்கங்களைப் பற்றி எழுதியவர்கள் தாயையும் சேயையும் பற்றியே எழுதினார்கள். முப்பத்தொரு நாள் துடக்கு, வேர்க்கொம்பும் மிளகும் மல்லியும் மஞ்சளும் உள்ளியும் அரைத்த காயம், பால் சுரக்கப் பால்சுறா வறை, வீட்டைச் சுற்றி நிற்கும் கொத்திப் பேயை மருத்துவச்சி கலைத்துக்கொண்டு போவது எல்லாம் பதிவாகியுள்ளன. முன்பிறந்த பிள்ளைகளை அந்த முப்பத்தொரு நாளும் யார் என்ன செய்தார்கள் என்பதைத்தான் காணவில்லை. என் அனுபவத்தில், அந்த ஏற்பாட்டின் பாதி அவர்களுக்காகவே இருந்தது. தாய் அடுப்படிக்குப் போகாமல் அறைக்குள் இருக்கிறாள் என்றால் வேறொருத்தி அடுப்படியில் இருக்கிறாள். அந்த வேறொருத்தியின் மடி காலியாக இருக்கிறது. அதில் சவலை ஏறி அமரும்.

அம்மம்மா தங்கைக்கு உழுத்தங்களியும் ஆட்டுப்பாலும் கொடுத்தார். இரவில் தன்னோடு படுக்கவைத்தார். பகலில் அவளை அறைக்குள் கொண்டுபோய், அம்மாவின் கட்டிலோரம் சிறிதுநேரம் இருத்திவிட்டுக் கூட்டி வருவார். துடக்கு வீட்டில் அது சரியோ என்று அயலில் ஒருத்தி கேட்டபோது, "பெத்த தாயிட்டைப் பிள்ளைக்கு என்ன துடக்கு?" என்றார். எனக்கு ஏணை ஆட்டும் வேலை தரப்பட்டது. பழஞ்சேலையில் கட்டிய ஏணையை விசையாக ஆட்டினால் அடி விழும். மெல்ல ஆட்டினால் பிள்ளை அழும். அந்த உத்தியோகத்தில் எனக்கு இருந்த பெருமையைப் பிற்காலத்தில் எந்தப் பத்திரிகை அலுவலகமும் தரவில்லை. தம்பிக்குப் பல்லு முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை அவித்து அவன் தலையில் கொட்டியபோது, உருண்டோடியவற்றைப் பொறுக்கியவர்கள் நானும் தங்கையும்தான். அதற்குள் அவளுக்குக் கன்னம் வைத்திருந்தது.

பழமையைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அம்மம்மா இல்லாத வீடுகளில் அந்த மடியாக இருந்தவள் மூத்த பெண்பிள்ளை. எட்டு வயதில் இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை என்று நின்றவர்கள் எங்கள் வகுப்பிலும் இருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு ஒருத்தியின் இடம் வெறுமையானது. அவளது வீட்டில் ஐந்தாவது பிறந்திருந்தது. ஆசிரியர் இடாப்பில் பெயரை வெட்டினார், வேறொன்றும் நடக்கவில்லை.

இந்த ஏற்பாடு ஒரு பாதையை நம்பியிருந்தது. பாதை அறுந்த கதையைப் போர்ச்செய்தியாகப் பல தடவை எழுதியிருக்கிறேன், இந்தக் கோணத்தில் எழுதியதில்லை. 1990இல் வடக்கிற்கான புகைவண்டி நின்றது. ஆனையிறவு மூடப்பட்டது. பின்னர் கிளாலிக் கடலில் இரவில் வள்ளம். 1996இல் குடாநாடு இராணுவத்திடமும் வன்னி புலிகளிடமும் என்றானபின், மீசாலையில் இருந்த தாய் கண்டாவளையில் பிள்ளைபெறும் மகளிடம் போகமுடியவில்லை. இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரம் ஒருநாள் நடைக்கு மேல் வராது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்த நாட்களில் முகமாலையில் செய்திக்காக நின்றேன். வரிசையில் ஒரு மூதாட்டி, கையில் பனையோலைப் பெட்டி. பெட்டிக்குள் காயச்சரக்கு. மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதா என்று கேட்டேன். "மூண்டு பிறந்திட்டுது தம்பி. நான் ஒண்டையும் காணேல்லை. கடைசிக்கு ஒரு வயசு" என்றார். ஒரு வருடத்திற்குப் பிறகு காயம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூத்ததற்கு என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னார், பிறகு ஏதோ சந்தேகப்பட்டுத் தாளொன்றை எடுத்துப் பார்த்தார்.

அவ்வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. 2009 தொடக்கத்தில் கண்டாவளைச் சனம் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் கிழக்கே, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று தள்ளப்பட்டு மாத்தளனில் போய் முட்டியது. போர் முடிந்தபின், பங்கருக்குள் நான்காவதைப் பெற்ற தாயொருத்தியைச் சந்தித்தேன். பிறந்த பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள் என்றே எல்லோரும் கேட்டார்களாம். "அதுக்குப் பால் இருந்தது, ஐயா. மற்ற மூண்டுக்கும்தான் ஒண்டுமில்லை" என்றார். அவற்றுள் கடைசிப்பிள்ளைக்கு அப்போது ஒன்றரை வயது. செட்டிகுளம் முகாமில் அதற்கு எடை பார்த்தபோது நிறுப்பவர் இரண்டாம் தடவை தூக்கி வைத்தாராம். அப்பிள்ளை தப்பிவிட்டது.

என் தங்கை இப்போது சாவகச்சேரியில் இருக்கிறாள். அவளுடைய மகள் கனடாவில். அங்கே இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருந்த நாட்களில், தாயை அழைக்க விசா விண்ணப்பம் போட்டார்கள். பயண நோக்கம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தங்கை என்னைக் கேட்டாள். மகளின் பிரசவத்துக்கு உதவ என்று எழுது என்றேன்.

"அதுக்கு அங்கை ஆசுபத்திரி இருக்குத்தானே அண்ணை. நான் போறது மூத்ததைப் பாக்க" என்றாள்.

நான் சொன்னபடிதான் எழுதினோம். விசா வந்தபோது குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டிருந்தது. அவள் வேர்க்கொம்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு, உழுத்தம்மாவை மட்டும் கட்டிக்கொண்டு போனாள்.