களாவாப் போன தொழுகை

"சுபுஹ் களாவாப் போச்சே!" முஸ்லிம் வீடுகள்ல காலையில கேக்குற புலம்பல் இது. நேரம் தவறின தொழுகையை அப்புறமா நிறைவேத்துறதுதான் களா. இதோட வரலாறைத் தேடிப் போனா, முதல்ல வர்றது சோம்பேறிங்க கதை இல்லை, நபிகள் நாயகத்தோட (ஸல்) கதை!

627-ல் அகழ்ப்போர். மதீனா முற்றுகையில். ஒருநாள் பொழுது சாய்ஞ்சதும் உமர் (ரலி) குறைஷிகளைத் திட்டிக்கிட்டே வந்தார், அஸர் தப்பப் பார்த்ததுன்னு. நான் இன்னும் தொழவே இல்லைன்னாங்க நபிகள். புத்ஹானுக்குப் போய் ஒளு செஞ்சு, முதல்ல அஸர், பிறகு மஃரிப்.

அடுத்த வருஷம் கைபர்லேர்ந்து திரும்புற வழி. காவலுக்கு இருந்த பிலாலும் (ரலி) ஒட்டகத்துல சாஞ்சபடி தூங்கிட்டார். வெயில் சுட்டுத்தான் முழிச்சாங்க. கொஞ்சம் தள்ளிப்போய் சுபுஹ் தொழுதாங்க. பிலாலுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

சரி, வேணும்னே விட்டா? இங்கதான் சர்ச்சை. நாலு மத்ஹபுகள்லயும் பெரும்பாலான அறிஞர்கள் அதையும் களா செய்யணும்னாங்க. ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) மறுத்தார்: போன நேரம் போனதுதான், தவ்பா செஞ்சு நஃபிலைக் கூட்டு. டமாஸ்கஸின் இப்னு தைமிய்யாவும் (இறப்பு 1328) அதே பக்கம்.

பத்து வருஷம் தொழாம இருந்துட்டுத் திரும்பி வர்றவருக்கு இது ஏட்டு விவாதம் இல்லீங்க. 18,250 தொழுகை! கணக்கைப் பார்த்தே ஓடிடலாம். ஆனா ரெண்டு தரப்புமே அவரைத் திரும்பிப் போன்னு சொல்லலை. எனக்கு அதுதான் பெருசாப் படுது. உங்களுக்கு?