கக்கூசு: ஓர் ஒல்லாந்தத் தொகைச்சொல்லின் அசைப்பிரிப்பு

1658இல் போர்த்துக்கீசரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1825இல் அதனை ஆங்கிலேயரிடம் இறுதியாக ஒப்படைத்தனர். நாசரேத் வட்டாரத்தில் மட்டுமன்றித் தமிழகமெங்கும் வழங்கும் 'கக்கூசு' ஒல்லாந்தத் தொடர்பின் எச்சமாகும். அது 'கக்' (மலம்), 'ஹாய்ஸ்' (வீடு) என்பவற்றின் தொகை. ஒல்லாந்தத் தொகைச்சொற்கள் எத்துணை நீளினும் உறுப்புச்சொற்களின் எல்லையிலேயே அசை பிரியும்: கக்-ஹாய்ஸ். தமிழில் ஹகரம் கெட, ககரம் இரட்டித்து, ஈற்றில் குற்றியலுகரம் பெற்றுக் கக்-கூ-சு என மூன்றசையாயிற்று. தொகையென்ற உணர்வும் மறைந்தது.

ஹகர இழப்பைத் தமிழ் ஒலியமைப்பால் விளக்கலாம். ஊகாரத்தை அவ்வாறு விளக்குதல் அரிது. 'ஆய்' தமிழுக்கு அயலொலியன்று. கும்பினியின் ஆறு கிளைகளுள் ஒன்று அமைந்த ஸீலாந்தின் வட்டார வழக்கில், வீட்டைக் குறிக்கும் இச்சொல் இன்றும் ஹகரமின்றி, ஊகாரச் சாயலுடனேயே ஒலிக்கிறது. தமிழர் செவிப்பட்டது ஏட்டு ஒல்லாந்தமன்று, இத்தகைய வட்டாரப் பேச்சே எனக் கொள்ளுதல் பொருந்தும்.