தஞ்சை மாத்திரையும் கடற்பாம்பு மருந்தும்

காத்தோங்கின் கடல் இன்று எட்டச் சென்றுவிட்டது. 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணி, அலை மோதிய கரையை உள்நிலமாக்கிற்று. அதற்கு முன் இந்நீரிணை மீனவரின் வலையில் மீனோடு கடற்பாம்பும் ஏறுவதுண்டு. அதன் கடி அதிகம் வலிப்பதில்லை. நஞ்சு ஏறியிருப்பின், சில மணி நேரத்தில் தசைகள் விறைத்து நோகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், மூச்சும் அடங்கலாம்.

நஞ்சுக்கு மருந்து உண்டென்போர் எக்காலத்தும் உளர். அது மெய்ம்மருந்தே என அறிவது எங்ஙனம்? இவ்வினா தமிழகத்து மருந்தொன்றைப் பற்றியும் எழுந்தது. பாடாணம் கலந்த தஞ்சை மாத்திரை பாம்புக்கடிக்குப் புகழ்பெற்றிருந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் இயற்கை ஆய்வாளர் பாட்ரிக் ரசல், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அப்புகழை மட்டும் நம்பாது, பாம்பு கடித்த நாய்களிடமும் கோழிகளிடமும் அதனைச் சோதித்தார். பின்னர்க் கல்கத்தாவில் ஜோசப் பேரர் பல மருந்துகளை அவ்வாறே ஆராய்ந்தார். நாகநஞ்சை முறிக்கும் மருந்து எதனையும் அவர் காணவில்லை. 1872இல் வெளிவந்த அவரது பெருநூல் அவ்வாய்வுகளைக் கூறுகிறது.

இத்தனை உயிர்களை வருத்தியது எதற்காக? பினாங்கு மருத்துவர் அலிஸ்டர் ரீட், கடற்பாம்பு கடித்தோரில் பெரும்பாலோர்க்கு நஞ்சு ஏறுவதில்லை என்று கண்டார். அவர்கள் மந்திரித்துக் கொண்டாலும் பிழைத்திருப்பர். புகழோ மந்திரத்தைச் சேர்ந்திருக்கும். அளந்த நஞ்சை ஏற்றி, மருந்து பெற்ற விலங்கையும் பெறாத விலங்கையும் ஒப்பிட்டால்தான் மெய்ம்மை புலப்படும்.

1894இல் பிரெஞ்சு அறிஞர்கள் இவ்வழியிலேயே வெற்றி கண்டனர். சிறுகச் சிறுக நஞ்சேற்றப்பட்ட விலங்கின் சீரம், மற்றொரு விலங்கைக் காத்தது. ஆயினும் ஒரு பாம்பின் நஞ்சை முறிக்கும் சீரம் வேறொரு பாம்பின் நஞ்சையும் முறிக்கும் என்பதற்கில்லை. ஆதலால், தமிழக மீனவர் வலக்கடியன் என வழங்கும் கடற்பாம்பின் நஞ்சு, பினாங்கிலிருந்து மெல்பர்னுக்கு அனுப்பப்பட்டது. அங்குக் குதிரைகளின் குருதியிலிருந்து உருவான மருந்து, 1960களில் கடிபட்டோர்க்குப் பயன்பட்டது.

நச்சுமுறி மருந்தின் ஆற்றல் இன்றும் பெரும்பாலும் சுண்டெலிகளிடமே அளக்கப்படுகிறது. விலங்குக்கு மாற்றுக் காணல், எண்ணிக்கை குறைத்தல், வேதனை தணித்தல் என்னும் மூன்று நெறிகளை 1959இல் ஆங்கில அறிஞர் இருவர் வகுத்தனர். அவற்றைப் பேணுதல் இரக்கம் மட்டுமன்று, கடமையுமாகும். மருந்து பெற்றுப் பிழைத்த எலியைப் போலவே, ஒப்பீட்டிற்காக மருந்தின்றி மாண்ட எலிக்கும் மனிதன் கடன்பட்டவன்.