பப்லம்: ரொறன்ரோவில் பிறந்த குழந்தைக் கூழ்

ஒஷாவாவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணித்தியாலம் ஓடினால் ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலை வந்துவிடும். வட அமெரிக்கக் குழந்தைகளின் முதல் கரண்டி உணவை மாற்றிய 'பப்லம்' உருவானது அங்கேதான்.

அப்போது அங்கே தலைமை மருத்துவர் அலன் பிரவுன். மகா கண்டிப்பானவர், தாய்ப்பாலுக்காக வாதாடியவர். 1934இல் வட ஒன்ராறியோவில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து டியோன் சகோதரிகளுக்கு ரொறன்ரோவிலிருந்து ரயிலேறிப் போனதும் தாய்ப்பால்தான். பிரவுனுடைய கவலை பாலுக்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. தீட்டிய வெள்ளைத் தானியக் கஞ்சியில் பசி அடங்கும், சத்து இராது.

அவருடன் பணியாற்றிய பிரெடரிக் டிஸ்டலும் தியடோர் டிரேக்கும் 1930 வாக்கில் ஒரு கலவை செய்தார்கள்: கோதுமை, ஓட்ஸ், மஞ்சள் சோளமா, ஈஸ்ட், அல்ஃபல்ஃபா இலைத்தூள், இரும்பு, எலும்புத்தூள். முகம் சுளிக்க வேண்டாம், எலும்புத்தூள் கல்சியத்துக்காக. முதலில் அதை நெடுநேரம் அவிக்க வேண்டியிருந்தது. பிறகு அவித்து உலர்த்தியே பெட்டியில் அடைத்தார்கள். சுடுநீரோ பாலோ விட்டுக் கலக்கினால் கூழ் தயார். மீட் ஜோன்சன் நிறுவனம் விற்றது. விற்ற பெட்டிகளுக்கான உரிமத்தொகை 25 ஆண்டுகள் வைத்தியசாலையின் ஆராய்ச்சிக்குப் போனது.

வேலை சுலபமானது, அவசரமும் கூடவே வந்தது. 1950களில் பிறந்து சில வாரங்களேயான சிசுக்களுக்கும் கூழ் கொடுக்கச் சொன்ன மருத்துவர்கள் இருந்தார்கள். பப்லத்தை மட்டும் குற்றஞ்சொல்ல முடியாது. புட்டிப்பால் ஓங்கிய காலம் அது. 2001இல் உலக சுகாதார நிறுவனமும் 2004இல் கனடிய சுகாதார அமைச்சும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்றன.

ஆறாம் மாதமளவில் கோயிலில் வைத்துச் சோறு தீத்தும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. ஆனால் வெறும் குழைசோற்றில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அந்த விஷயத்தில் ரொறன்ரோ மருத்துவர்கள் சொன்னதே சரி.

ஆகவே சோறு தீத்தும் நாளை அம்மம்மா குறிக்கட்டும். மறுநாள் முதல் கிண்ணத்தில் மசித்த பருப்பு, மீன், இறைச்சி, முட்டை என்று ஏதாவது இருக்கட்டும். தாய்ப்பாலை இரண்டு வயதுக்குப் பிறகும் தொடரலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நாளாந்தம் 400 அலகு வைட்டமின் டி துளியையும் மறக்க வேண்டாம். ஒஷாவாவின் மாரிகால வெயிலை நம்பி இருக்க முடியாது.